மாதச் சாமான்

சம்பளம் போட்ட பின்னர் வரும் முதல் ஞாயிற்றுக்கிழமை காலையில் மாதச் சாமான் வாங்கப் புறப்படுவது நமது வழக்கம். எழுதுகிறவர் ஒருவராயிருந்தும் தம்மை "நாம்" என்று குறிப்பது பழைய மரபு; பெருமைக்காக அவ்வாறு எழுதுகின்றோம் என்று நேயர்கள் எண்ணவேண்டாம். சாமான் வாங்கப் போகிறவன் தனியே போனதாக எந்தக் குடும்பத்திலும் சரித்திரமில்லை. நமது பழைய மோட்டார் வண்டியில் முன்னிருக்கை அன்னையாருக்கு உரியது. மடியில் துணிப்பைகளை மடித்து அடுக்கிக்கொண்டு, கையில் பட்டியல் ஏதுமின்றி, எல்லாவற்றையும் நெஞ்சில் எழுதிவைத்துக்கொண்டு அவர் அமர்ந்திருப்பார். பின்னிருக்கையில் நம் துணைவியும், இரண்டாம் ஆண்டு படிக்கும் நம் மகளும், திரும்பி வரும்போது அவ்விருவருக்கும் இடையே அமரப்போகும் அரிசி மூட்டைக்கென்று விடப்பட்ட இடமும்.

கோலசிலாங்கூர் வட்டாரத்திலுள்ள ஒரு செம்பனைத் தோட்டத்தில் நாம் கிராணியாக இருக்கின்றோம். தோட்டத்தில் முன்னர் ஒரு கடை இருந்தது. லயங்களில் நம்மவர் நிறைந்திருந்த காலத்துக் கடை அது. இப்போது தோட்டத்திலுள்ள நம்மவர் குடும்பங்களை ஒரு கையின் விரல்களிலேயே எண்ணி முடித்துவிடலாம். கடைக் கட்டடத்தில் உரமூட்டைகள் கிடக்கின்றன. ஆகவே உப்புக்கும் புளிக்கும் கிள்ளான் செல்லும் சாலையில் அரைமணி நேரம் பிரயாணம் செய்து, ஒரு தாமானிலுள்ள மளிகைக் கடைக்குப் போகவேண்டியிருக்கிறது.

அத்தாமானில் நமக்குத் தெரிய முதலில் ஒரே ஒரு வரிசைக் கடைவீடுகள்தாம் இருந்தன. இன்று நான்கு வரிசைகள். வாழையிலைச் சாப்பாட்டுக் கடை, சேலைக் கடை, பூக்கடை, அடகுக் கடை, இரவில் பசார் மாலாம் கூடும் வெளி என்று எல்லாம் வந்துவிட்டன. அதற்கெல்லாம் முன்னர் அது ரப்பர்த் தோட்டம். அன்னையார் கன்னிப் பருவத்தில் அங்கேதான் பால்மரம் சீவினார். மளிகைக் கடையில் உறைந்த மீன் வைத்திருக்கும் பெரிய பெட்டியைக் காட்டி, "இங்கேதான் பால் ஸ்டோர் இருந்தது" என்பார். சரியாக அந்த இடந்தானா என்று நாம் கேட்பதில்லை. சிலாங்கூரில் இது புதுமையுமன்று. ஷா ஆலம் நகரம் சுங்கை ரெங்கம் தோட்டத்தின்மேல் எழுந்தது. சுபாங் ஜெயா 1976ஆம் ஆண்டு முதல் சீபீல்டு தோட்டத்தின்மேல் எழுந்தது. தாமும் தம் பெற்றோரும் மரம் சீவிய மண்ணிலேயே, பாங்கியில் முப்பது ஆண்டுக் கடன் பெற்று ஓர் அடுக்குவீடு வாங்கிக் குடியிருப்பவர் நம்மவருட் பலர்.

கடையின் உள்ளே நுழைந்தவுடன் முதலில் வருவது மணம். வறுத்த கொத்தமல்லியும் காய்ந்த மிளகாயும் கற்பூரமும் கருவாடும் கலந்த அந்த மணத்தைப் பேரங்காடிகள் எத்துணை விளக்குப் போட்டாலும் உண்டாக்க முடியாது. வாசலில் முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் வாழையிலைக் கட்டும். உள்ளே ஒருபுறம் உளுந்து, பயறு, கடலை, துவரை. மறுபுறம் முறுக்கு அச்சு, இட்டலித் தட்டு, திருநீறு, ஊதுவத்தி. நம் வீட்டுச் சாம்பாரில் வேகும் மைசூர்ப் பருப்பு, பெயரளவில் மைசூரே தவிர, பெரும்பாலும் கனடாவிலோ ஆஸ்திரேலியாவிலோ விளைவது. மூட்டையின் மேல் எழுதியிருப்பதை அன்னையாருக்குப் படித்துக் காட்டியபோது, அவர் நம்பவில்லை. வெள்ளைக்காரனுக்குப் பருப்பு எதற்கு என்றார். சீன மாதரசியார் ஒருவர் மீன்கறித் தூளை முகர்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். மலாய்க்காரப் பெண்கள் திருமண விருந்துக்கு ஏலமும் பட்டையும் நிறுத்து வாங்குவர். கல்லாவில் கடைக்காரர், மூட்டை தூக்குபவர்கள் இராமநாதபுரத்திலிருந்தும் புதுக்கோட்டையிலிருந்தும் வந்த இளைஞர்கள்.

இக்கடையில் நாம் அடைந்த முதல் அவமானத்தை மறைக்காமல் சொல்லிவிடுகின்றோம். 2003ஆம் ஆண்டில், கணிதமும் விஞ்ஞானமும் ஆங்கிலத்திலே போதிக்கப்பட வேண்டும் என்று நாட்டில் ஏற்பாடானபோது நாம் முதற்படிவத்தில் இருந்தோம். ஆங்கிலம் வந்தால் உத்தியோகம் வரும் என்று அன்னையார், தாம் சீவிய காசில், மாலை வேளைகளில் ஆங்கில வகுப்புகளுக்கும் அனுப்பினார். படிப்பெல்லாம் ஆங்கிலமாகவே முடிந்தது. உத்தியோகமும் வந்தது. ஆனால் ஒருநாள் அன்னையார் உடல்நலமின்றி இருந்து, "பெருஞ்சீரகம் வாங்கி வா" என்று சொல்லியனுப்பியபோது, நாம் சீரகத்தில் ஒரு கிலோப் பொட்டலம் வாங்கிக்கொண்டு வந்தோம். பெரிய பொட்டலமாகக் கேட்கிறார் என்று எண்ணினோம்! சோம்புக்கே அப்பெயர் என்பது நமக்குத் தெரியாது. மலாய்மொழியில் ஜிந்தான் மானிஸ் என்றிருந்தால் தெரிந்திருக்கும். ஆங்கிலத்தில் எழுதியிருந்தால் தாவரநூற் பெயரைக்கூடச் சொல்லியிருப்போம். தாய்ப்பாலோடு வந்திருக்கவேண்டிய பெயர் மட்டும் வரவில்லை. அன்னையார் கோபிக்கவில்லை. ஆறு மாதம் எல்லாக் குழம்பிலும் சீரகம் இருந்தது.

நிற்க. நாம் சொல்ல வந்தது அரிசி மூட்டையைப் பற்றி.

பத்துக் கிலோ பொன்னி அரிசி என்பது நம்மவர் வீடுகளில் ஒரு கௌரவம். உள்நாட்டு வெள்ளையரிசிக்குச் சர்க்கார் விலை கட்டியிருக்கிறது. பத்துக் கிலோ இருபத்தாறு வெள்ளி. பொன்னியோ அதைப்போல் இருமடங்கு. ஆயினும் விருந்தாளி வந்தால் பொன்னி, பண்டிகை வந்தால் பொன்னி. ஊரிலிருந்து வரும் அரிசி என்று அன்னையார் அதைத் தனியாகப் பாராட்டுவார். இவ்வரிசியின் வமிசாவளியைத் தேடிப் பார்த்தபோது நாம் சிரித்துவிட்டோம். தைவான் நாட்டு நெல் ஒன்றையும் மாயாங் எபோஸ் என்னும் மலாய்நாட்டு நெல்லையும் ஒரிசாவிலுள்ள கட்டாக்கில் ஒட்டுச் சேர்த்தார்கள். அதன் வழிவந்த நெல் இந்நாட்டு வயல்களில் தேர்ந்தெடுக்கப்பட்டு, 1965இல் மசூரி என்ற பெயரோடு வெளிவந்தது. அம்மசூரிதான் கடல் கடந்து தமிழ்நாடு சென்று, காவிரியின் பெயரைச் சூட்டிக்கொண்டு பொன்னியாயிற்று. 1986இல் கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட வெள்ளைப் பொன்னியும் அவ்வழியிற் பிறந்ததே. நம் பாட்டனாரைப்போல அவ்வரிசியும் கப்பலேறி வருகிறது என்று நினைத்தால், அதன் முப்பாட்டி கோலசிலாங்கூர்ச் சம்சாரியின் உறவினளாக இருக்கக் காண்கிறோம். இதையும் அன்னையாரிடம் சொன்னோம். "அதனால்தான் வாய்க்கு ஒத்துப்போகிறது" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

2023ஆம் ஆண்டு ஜூலை 20ஆம் தேதி, பாசுமதி அல்லாத வெள்ளையரிசியை வெளிநாடுகளுக்கு அனுப்பக் கூடாதென்று இந்திய அரசாங்கம் தடை விதித்தது. அடுத்த மாதம் புழுங்கலரிசிக்கு இருபது விழுக்காடு ஏற்றுமதி வரி போட்டது. டிசம்பரில் வெங்காயத்துக்கும் தடை வந்தது. அது மறு ஆண்டு மே மாதம்வரை நீடித்தது. அரிசித் தடை 2024 செப்டம்பரில்தான் நீங்கிற்று. அம்மாதங்களில் நம் கடைக்காரர் வீட்டுக்கு ஒரு மூட்டை என்று கணக்கு வைத்து, தெரிந்த முகங்களுக்கு இல்லையென்னாமல் பங்கிட்டுக் கொடுத்தார். விலையேற்றினார் என்பது மெய். ஒளித்து வைத்து விற்றார் என்று எவரும் சொன்னதில்லை. இதை முன்னரே எழுதிவைக்கின்றோம். ஏனெனில் இனி எழுதப்போவதைப் படிப்போர் அவரைக் கொடியவர் என்று எண்ணிவிடக் கூடாது.

நம் தோட்டத்தில் இப்போது குலை வெட்டுவோரும் உரம் போடுவோரும் பெரும்பாலும் இந்தோனேசியர், வங்காளதேசத்தவர், நேப்பாளியர். (நம்மவர் இந்நாட்டில் பஞ்சாபியரை வங்காளி என்று அழைத்துப் பழகிவிட்டமையால், மெய்யான வங்காளி வந்து சேர்ந்தபோது அவரை அழைக்கப் பெயரில்லாமற் போயிற்று.) இவர்களும் ஞாயிறுதோறும் அதே மளிகைக் கடைக்கு வருகிறார்கள். இவர்களுக்காக ஓர் அலமாரி முழுதும் கடுகெண்ணெய், பொரி, அவல், பனியில் உறைந்த இல்சா மீன். நேப்பாளியர் அவல் வாங்குவதைக் கண்ட அன்னையார், "நம்மைப்போலத்தான் தின்கிறான்" என்று வியந்தார்.

புதிதாக வந்தவனுக்கு முதற்சம்பளம் கிடைக்க ஒரு மாதத்துக்கு மேலாகிவிடும். கையிலிருந்ததை ஊரிலேயே ஏஜெண்டுக்குக் கொடுத்து, போதாததற்குக் கடனும் பட்டு வந்திருப்பான். அவனுக்கு அரிசி யார் கொடுப்பார்? இக்கடைக்காரர் கொடுத்தார். கல்லாவின் கீழுள்ள இழுப்பறையில், மேலட்டையில் 555 என்று அச்சிட்ட சிறிய கணக்குப் புத்தகங்கள் அடுக்கடுக்காக இருக்கும். மலாயாவில் கடன்பட்டுச் சாப்பிட்ட எவருக்கும் அந்த மூன்று ஐந்துகளை விளக்க வேண்டியதில்லை.

சென்ற பொங்கலுக்கு இரண்டு வாரங்களுக்கு முன்னர் கடைக்காரர் நம்மைத் தனியே அழைத்தார். "தம்பி, ஓர் உபகாரம். போன வருஷம் ஏழு பேர் கணக்கு முடிக்காமல் விமானம் ஏறிவிட்டார்கள். மொத்த வியாபாரிக்கு நான் பதில் சொல்லவேண்டும். உங்கள் தோட்டத்தில் யார் யாருக்கு எந்த மாதம் பெர்மிட் முடிகிறது, சம்பளம் எவ்வளவு வருகிறது, அதை மட்டும் ஒரு தாளில் குறித்துக் கொடுத்தால் போதும்" என்றார். நாம் யோசித்ததாக நினைவில்லை. கேட்டவர் வேண்டியவர், கேட்டதும் பெரிய பொருளன்று, ஒரு தாள். அலுவலகத்தில் அமர்ந்து, பள்ளியில் பரிசு பெற்ற கையெழுத்தில், பெயர், வந்த தேதி, பெர்மிட் முடியும் தேதி, சென்ற மாதச் சம்பளம் என்று கோடு கிழித்து எழுதிக் கொடுத்தோம். அடுத்த ஞாயிறன்று, நாம் வாங்கிய சாமான்களோடு ஒரு மூட்டை பொன்னி கூடுதலாக வண்டியில் ஏறிற்று. "பொங்கலுக்கு இருக்கட்டும்" என்றார் கடைக்காரர்.

வீட்டில் மூட்டையைக் கண்ட அன்னையார், "இது எத்தனை வெள்ளி?" என்று கேட்டார்.

"கடைக்காரர் கொடுத்தார். சும்மா."

"கிராணிக்கு எவன் சும்மா கொடுப்பான்?"

அதற்குமேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. மூட்டையை யாரும் பிரிக்கவில்லை. பொங்கலன்று பானையில் பழைய டின்னின் அடியிலிருந்த அரிசியே பொங்கிற்று. அன்று மாலை அவர் தமது தகரப் பெட்டியைத் திறந்து, நாம் இதுவரை கண்டிராத ஒரு பொட்டலத்தை எடுத்தார். நூலால் கட்டப்பட்ட பதினொரு 555 புத்தகங்கள். அவர் தோட்டக் கடையில் பற்று வைத்திருந்த காலத்தவை. அரிசி, சீனி, மண்ணெண்ணெய், மாவு, கருவாடு, மறுபடியும் அரிசி. எழுத்து கடைக்காரருடையது, அன்னையாருக்கு அப்போது எண் மட்டுமே படிக்கத் தெரியும். மாத முடிவில் சம்பளவாசலில் கிராணி மேசையில் பணம் எண்ணிக் கொடுக்க, பக்கத்தில் முக்காலி போட்டுக் கடைக்காரர் அமர்ந்திருப்பாராம். யாருக்கு எவ்வளவு வருகிறதென்பது முதல்நாள் இரவே கடைக்குத் தெரிந்திருக்கும். பணம் கிராணியின் கையிலிருந்து நம் அன்னையார் கைக்கு வந்து, விரலை மடக்குவதற்குள் முக்காலிக்குப் போய்விடும். கிராணி வீட்டுக்கு மாதந்தோறும் ஒரு மூட்டை அரிசி போகும். "அந்த மூட்டையைத் தலையில் சுமந்துகொண்டு போய் இறக்கியவள் நான்தான்; அதற்குக் கூலி கிடையாது" என்றார். குரலில் கோபமில்லை. கோபமிருந்தால் நமக்குச் சற்று இலகுவாக இருந்திருக்கும்.

1941ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது வைத்த கோரிக்கைகளில் ஒன்று, துரைமாரையும் தோட்ட உத்தியோகஸ்தரையும் கண்டால் சைக்கிளைவிட்டு இறங்கவேண்டும் என்னும் வழக்கம் ஒழியவேண்டும் என்பது. அதைப் படித்த நாளில், கிராணி வர்க்கத்தின் அந்தப் பழைய அகந்தை நம்மோடு சம்பந்தப்பட்டதன்று என்று மகிழ்ந்தோம். நம்மைக் கண்டு யாரும் எதிலிருந்தும் இறங்குவதில்லை. நாமே மோட்டார் சைக்கிளில் வருகிறவர்களுக்கு வழிவிட்டு ஒதுங்குகின்றோம்.

பொங்கல் கழிந்த திங்கட்கிழமை, இருபத்திரண்டு வயது மதிக்கத்தக்க வங்காளதேசத்து இளைஞன் ஒருவன் அலுவலகத்துக்கு வந்தான். செருப்பை வெளியே விட்டு, வாசற்படியில் நின்று, தனக்குத் தெரிந்த மலாய்மொழியில் கேட்டான்: "கெரானி, என் பெர்மிட் ஜூனில் முடிகிறதென்று கடைக்காரனுக்கு எப்படித் தெரியும்?" அவன் குற்றஞ்சாட்டவில்லை. ஏதோ அதிசயத்தைக் கேட்பதுபோலவே கேட்டான். தனக்கே அது சரியாகத் தெரியாது என்றான். இனிக் கடன் வேண்டுமானால் பாங்கி அட்டையைக் கடையில் கொடுத்துவைக்க வேண்டும், சம்பளம் விழுந்தவுடன் கடைக்காரரோடு சேர்ந்து போய் எடுக்கவேண்டும், அப்படிச் சொல்லிவிட்டாராம்.

நமக்குத் தெரியாது என்று சொன்னோம்.

நமது மேசையின் இடப்பக்கத்தில் 1955ஆம் ஆண்டின் தொழிற்சட்டப் புத்தகம் இருக்கிறது. கூலியை இன்ன இடத்தில், இன்னாரிடந்தான் செலவிடவேண்டும் என்று நிபந்தனை விதிப்பது செல்லாது என்று அதில் எழுதியிருக்கிறது. சம்பளம் பாங்கியில் நேராக விழவேண்டும் என்பதும் சட்டமே. சம்பளவாசலையும் முக்காலியையும் ஒழித்துவிட்டோம் என்று நினைத்திருந்தோம். முக்காலி இப்போது பணம் கக்கும் இயந்திரத்தின் பக்கத்தில் போடப்பட்டிருந்தது. அதற்கு வழிகாட்டியது நமது கையெழுத்து.

அடுத்த ஞாயிறு வரும்வரை பொறுக்காமல், அன்று மாலையே பிரிக்காத மூட்டையை வண்டியில் ஏற்றிக்கொண்டு சென்றோம். கடையில் கூட்டமில்லை. "அண்ணே, அந்தத் தாளைக் கொடுங்கள்" என்றோம். கடைக்காரர் இழுப்பறையைத் திறந்தார். புத்தகங்களின்மேல், ரப்பர் வளையம் போட்ட ஆறு பாங்கி அட்டைகள். அவற்றின் கீழே நமது தாள். மடிப்புக்கூடக் கலையாமல் பத்திரமாக வைத்திருந்தார்.

"தாளைக் கொடுக்கிறேன். அட்டைகளையும் இப்போதே திருப்பிக் கொடுத்துவிடுகிறேன், தம்பி. நாளைக்கு அவர்களுக்கு அரிசி நீங்கள் கொடுக்கிறீர்களா?" என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை; பதில் வேண்டித்தான் கேட்டார். இலாபத்தில் வாழ்கிறவர் போலவும் அவர் தோன்றவில்லை. தாமானின் மறுமுனையில் பேரங்காடி ஒன்று வந்ததிலிருந்து, ரொக்கம் கொடுப்போர் அங்கே போகிறார்கள். கடன் வேண்டுவோரே இங்கே வருகிறார்கள். ரொக்கம் கொடுக்கிற நாமும் சீனியையும் எண்ணெயையும் பேரங்காடியில் வாங்கிவிட்டு, கறிவேப்பிலைக்கும் பொன்னிக்கும் மட்டுமே இவரிடம் வருகின்றோம் என்பதை அவர் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

அவர் கேள்விக்கு நம்மிடம் பதிலில்லை. தாளை வாங்கிக் கிழித்தோம். அதிலிருந்த தேதிகள் அவருக்கு மனப்பாடமாகியிருக்கும். மூட்டையை இறக்கப் போனபோது, "கொடுத்ததைத் திரும்ப வாங்கும் வழக்கம் இல்லை" என்று தடுத்தார். நாம் ஐம்பத்திரண்டு வெள்ளியை எடுத்துக் கல்லாவில் வைத்தோம். சற்றுநேரம் பார்த்துக்கொண்டிருந்து, ஒரு புதிய 555 புத்தகத்தை எடுத்து, முதற்பக்கத்தில் நம் பெயரை எழுதி, பொன்னி ஒன்று, ரொக்கம் பெற்றது என்று குறித்து நம்மிடமே கொடுத்தார். அவர் மனம் புண்பட்டிருந்தது என்பது தெரிந்தது. அன்னையார் அப்புத்தகத்தை வாங்கி, எண்ணைப் படித்துப் பார்த்து, தகரப் பெட்டியில் வைத்துவிட்டு, மூட்டையைப் பிரித்தார்.

மறுநாள் அவ்விளைஞனை அலுவலகத்துக்கு அழைத்து, தெரியாது என்று சொன்னது பொய் என்றும், எழுதிக் கொடுத்தவர் நாமே என்றும் சொன்னோம். அட்டையை எவரிடமும் கொடுக்கவேண்டிய கட்டாயமில்லை, வேண்டுமானால் நாமே உடன்வந்து வாங்கித் தருகிறோம் என்றும் சொன்னோம். அவன் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். சம்பள நாளுக்கு இன்னும் பத்து நாள் இருந்தது. "பிறகு பார்க்கலாம், கெரானி" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போனான்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை நாம் கடைக்குள் நுழைந்தபோது அவன் கல்லாவின் முன் நின்றான். காலடியில் ஐந்து கிலோ அரிசி, கையில் கடுகெண்ணெய்ப் புட்டி ஒன்று. கடைக்காரர் புத்தகத்தில் எழுதிக்கொண்டிருந்தார். அவன் நம்மைக் கண்டு, வழக்கம்போல நெற்றியில் கைவைத்து, "கெரானி" என்றான். நாமும் கையை உயர்த்தினோம். பிறகு அவன் சட்டைப்பையில் கைவிட்டான். அவன் எடுத்தது பணமா அட்டையா என்று நாம் பார்க்கவில்லை. அன்னையார் உள்ளிருந்து, "சோம்பு எங்கே இருக்கிறதென்று பார்" என்று கூப்பிட்டார். நாம் அலமாரிகளுக்கிடையே போய்விட்டோம்.